மூன்றாம் வரிசை

நிறுவனம் தந்தது ஆறு நாள், நிறைந்த ஒரு டேங்க்,
நசுங்கினால் என் பொறுப்பு என்றொரு தாளில் கையெழுத்து.
பாஹியா பிளாங்காவிலிருந்து ரியோ காயேகோஸ்,
மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே, தெற்கே.
ஏழு பேர் அமரலாம் என்கிறது விளம்பரம்.
நாங்கள் நான்கு பேர், ஒரு தர்பூசணி.

ஞாயிறு இணைப்பில் எனக்கு அரைப் பக்கம்.
பதினோரு வருடமாக வண்டிகளுக்கு மதிப்பெண் போடுகிறேன்.
அளக்க டேப் உண்டு, இரைச்சலை எண்ணும் கருவி உண்டு,
இவற்றில் ஒன்றை வாங்க மட்டும் வக்கில்லை.

ஸ்டியரிங் இலகு. கொஞ்சம் அதிகமாகவே இலகு,
எதற்கும் தலையாட்டும் புது மருமகனைப் போல.
இடுப்புக்குத் தாங்கல் நன்று.
கப் வைக்கும் குழியில் மாத்தேக் குடுவை நிற்கவில்லை:
அர்ஜென்டினாவில் இதற்கு மன்னிப்பு கிடையாது.
குறித்துக்கொண்டேன்.

தர்பூசணியை நடு இருக்கையில் வைத்தோம்.
ஆள் என்று நினைத்து வண்டி மணியடித்தது.
அதற்கும் பெல்ட் போட்டோம்.
நாலு வயது இலாரியோ அதற்குப் பெயர் வைத்தான்:
திருவாளர் பெர்மூதெஸ்.

கடைசி வரிசையில் ருஃபினா.
எங்கள் பழைய வண்டியிலும் அவள் இடம் அதுதான்.
பதின்மூன்று வயது, முழங்கால் முகவாய்க்கருகே.
ஓவிதியோவின் மகள். இரண்டரை வருடமாக
எனக்கும் ஏதோ ஆக வேண்டும்.

"பசிக்குதா ருஃபினா?"
பதிலில்லை.
"ஏசி அங்கே வருதா?"
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓவிதியோ தோளைக் குலுக்கினான்.
நானும் குலுக்கப் பழகியிருந்தேன்.

சாலை நேர்.
இத்தனை நேரான சாலையில் வண்டியின் குணம் தெரியாது,
விருந்தில் ஆளின் குணம் தெரியாததுபோல.
முள்புதர், முள்புதர், கம்பிவேலி,
வேலி தாண்டி நடுச்சாலையில் ஒரு குவானாகோ.
ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம்;
திமில் இல்லை, திமிர் உண்டு.
பிரேக்: மிக நன்று.
இலாரியோவின் காலை உணவு: தரையில்.
ரப்பர் விரிப்பு, துடைத்தால் போய்விடுகிறது.
அரை மதிப்பெண் கூட்டினேன்.

கொமொதோரோ தாண்டினால் காற்று.
அது வீசுவதில்லை, வழக்காடுகிறது.
இறங்குமுன் வண்டியின் மூக்கைக்
காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்த வேண்டும்,
இல்லாவிட்டால் கதவு கீலோடு கடலுக்குப் போகும்.
திரெஸ் செர்ரோஸ் பெட்ரோல் பங்கில், நீண்ட வரிசையில்,
ஞாபகம் வந்தது:
பின் இருக்கையில் நான் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை.
அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்,
"சான் ஹூலியான் வரை இடம் மாத்திக்கலாமா?"
சரி என்றாள். அவ்வளவுதான், சரி.

முழங்காலுக்கு அறுபத்தொரு சென்டிமீட்டர்.
சார்ஜர் போட வழியில்லை.
முள் நூற்றுப்பத்தைத் தொட்டதும்
பின்சக்கரத்தின் இரைச்சல் தரையைத் துளைத்து எழுந்து
என் பல்லுக்குள் வந்து உட்கார்ந்தது.
முன்னால் ஓவிதியோவின் வாய் அசைந்தது.
ருஃபினா சிரித்தாள், பின்னங்கழுத்து குலுங்கியதில் தெரிந்தது.
பிறகு திரும்பி என்னிடம் என்னவோ கேட்டாள்.
உதடு மட்டும் வந்து சேர்ந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
முள்புதர். கம்பிவேலி.

இரைச்சல் கருவி முன்பலகையில் இருந்தது,
இரண்டு நாளாக அறுபத்தாறு என்று சாதித்துக்கொண்டு.
பதினோரு வருடமாக எந்த வண்டியிலும்
அதை நான் அங்கேதான் வைத்தேன்.

சான் ஹூலியானில், துறைமுகச் சுவரின் மறைவில்,
திருவாளர் பெர்மூதெஸை வெட்டினோம்.
"அப்போ என்ன கேட்டே?"
"பசிக்குதான்னு," என்றாள். "ரெண்டு தடவை கேட்டேன்."
குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.
ஒரு விதையைத் துப்பினாள்; காற்று அதை எங்கோ கொண்டுபோனது.
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள்.

எழுதினேன்:
மூன்றாம் வரிசைக்கு, வேகத்தில், முன்னால் பேசுவது எட்டாது.
பேச வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசவும்.
இடமில்லை என்று ஆசிரியர் இரண்டாவது வரியை வெட்டிவிட்டார்.

ஐந்துக்கு மூன்றரை.
மாத்தேக் குடுவை நின்றிருந்தால் நான்கு.