குளிரில் மட்டும் பேசுவது

சுவரில் பல்லி ஏறாத ஊர் கெமியார்வி.
இருந்தும் ரவுனோவின் பழைய வோல்வோவுக்குள்
விடிகாலையில் ஒரு பல்லி சொல்கிறது.
டிக் டிக் டிக்.
நல்லதற்கா கெட்டதற்கா,
திசை பார்த்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் வாயை மூடிக்கொள்ளும்.
பட்டறையில் மூன்று பேர் காதைக் கொடுத்தார்கள்,
பால் குடித்த பூனை மாதிரி உறுமியது.
டேப்பட்டாக இருக்கும் என்றார் ஒருவர்.
ஆயிலை மாற்றிப் பார் என்றார் இன்னொருவர்.
ஆயிலை மாற்றினான். பட்டறையை மாற்றினான்.
கடைசியில்
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

சைமிக்கு ரேடியோ ஆகாது,
காலைப் பயணம் என்றாலே தலைவலி.
மகள் ஹில்லா பின்னிருக்கையில் தூங்கிவிடுவாள்;
பள்ளி வாசலில் உலுக்கி எழுப்பவேண்டும்.
சாதுப் பிள்ளை, என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஊர்க் குளிரில்
இரவெல்லாம் வண்டிக்கு ஒரு வயர் செருகி
எஞ்சினை வெதுவெதுப்பாக வைப்பது வழக்கம்.
சனிக்கிழமை இரவு ரவுனோ அதைப் பிடுங்கிவிட்டான்.
மைனஸ் இருபத்துநான்கு.
பேசட்டும், முழுசாகப் பேசட்டும்.

காலையில் கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்து,
சைமி ஸ்டியரிங்கில், அவன் பானட்டுக்குள் தலைகீழாய்.
சோப்புத் தண்ணீர் தெளித்தான்,
குமிழி வருமுன் உறைந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று, அதுவும் ஆவியாகி மேலே போனது.
பிறகு தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி
ஒரு முனையைக் காதில் வைத்து
மறுமுனையை இரும்புக்கு இரும்பு நகர்த்தினான்.
"மிதி."
"விடு."
"மிதி."
பதினோரு வருஷக் குடித்தனத்தில்
இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் பேசியதில்லை.

நான்காவது சிலிண்டர், பின்சுவரை ஒட்டிய மூலை.
காதுக்குள் யாரோ துப்பியது மாதிரி.

டார்ச்சும் அவளுடைய கைக்கண்ணாடியும்.
தலை தெறித்துப்போன ஒரு போல்ட்;
அதற்குக் கீழே
அழுத கண்ணின் மை போல ஒரு கரிக்கோடு.
கோட்டைப் பிடித்துக்கொண்டே போனது வெளிச்சம்,
போய் நின்றது
வண்டிக்குள் சூட்டுக் காற்றை அனுப்பும் துவாரத்தின் வாயில்.

சூடேறினால் இரும்பு உப்பும்,
இடுக்கை மூடும்.
முக்கால்வாசி.
சத்தம் நிற்கிற அளவுக்கு.
புகை நிற்காத அளவுக்கு.

சைமி சாவியைத் திருப்பி அணைத்தாள்.
நாற்பது கிலோமீட்டர், ஏற்றிய கண்ணாடிகள்,
நவம்பர், டிசம்பர், ஜனவரி...
விரல் விட்டு எண்ணத் தொடங்கி
கையை மடியில் போட்டுக்கொண்டாள்.
வீட்டுக்குள் இருந்து ஹில்லா
கஞ்சியில் சர்க்கரை இல்லை என்று கத்துவது கேட்டது.
இருவரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்,
ஏதோ ரிப்பேர் பார்ப்பவர்கள் மாதிரி.

முறிந்த போல்ட் வெளியே வர நான்கு நாள் அடம்பிடித்தது.
புது கேஸ்கெட், புது நட்டு, கையில் இரண்டு தீக்காயம்.
அதுவரைக்கும் பக்கத்து வீட்டு வண்டி.

இப்போது பின்னிருக்கையில் ஒரு பிள்ளை
வாய் ஓயாமல் வருகிறது.
கலைமான் கனவு காணுமா,
ஏன் என் பல் மட்டும் விழவில்லை,
அந்த ரேடியோவை நிறுத்துங்களேன், நான்தான் பேசுகிறேனே.

நிறுத்துகிறார்கள்.
ஆனாலும் ரவுனோ நடுவழியில்
ஒருதரம் ஓரங்கட்டி, இறங்கி,
பானட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்கிறான்.
ஒன்றுமில்லை.
பனி பெய்கிறது,
அதற்கும் சத்தமில்லை.