பத்துக்கு எட்டு

முகிலேஷ், இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு.
வாய் திறந்தால் ஜவ்வு மிட்டாய் வாசம்.
உள்ளே புதுசாய் நான்கு கடைவாய்ப் பற்கள்,
விழுந்தால் மறுபடி முளைக்காதவை.

அவற்றின் தலையில் ஓடும் பள்ளங்கள்
பிரஷ்ஷின் ஒற்றை இழையைவிட ஒடுக்கம்.
எவ்வளவு தேய்த்தாலும்
வாசலோடு திரும்பிவிடும் இழை.
இனிப்பு மட்டும் உள்ளே போகும்,
இருக்கும்.

புதுவயல் பள்ளி, சத்துணவுக் கூடம்.
பிளாஸ்டிக் நாற்காலி, சாய்வுக்கு இரண்டு செங்கல்.
ரெஜினா பஞ்சுருளை வைப்பாள்.
நான் அமிலக் களிம்பு தடவிக் கழுவி ஊதுவேன்.
பல் சுண்ணாம்பாய் மங்கி வெளுத்ததும்
பள்ளத்துக்குள் ஒரு சொட்டுப் பிசின்.
நீல விளக்கு, இருபது நொடி.
ரெஜினா சத்தமாய் எண்ணுவாள்,
வரிசையும் சேர்ந்து எண்ணும்.

மூன்று பற்கள் ஒழுங்காய் முடிந்தன.
நான்காவதை ஊதிக்கொண்டிருக்கும்போது
வரிசையில் யாரோ ஏப்பம் விட,
சிரித்துவிட்டான்.
நாக்கு பல்லின் மேல் ஒருமுறை புரண்டு இறங்கியது.

திரும்பவும் அமிலத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.
வெளியே இன்னும் நாற்பது பிள்ளைகள்.
துடைத்தேன். ஊற்றினேன்.
எண்ணினார்கள்.

கூட்டிப்போக வந்த அப்பா சேவுகன்
அரிசி ஆலையிலிருந்து நேரே வந்திருந்தார்,
புருவத்தில் உமித்தூசு.
"இதுக்கு எத்தனை வருசம் கேரண்டி?"
"ரெண்டு வருசத்துல வரக்கூடிய
பத்து சொத்தையில எட்டைத் தடுக்கும்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில தடுக்காது."
"சரி, அந்த மிச்சம் ரெண்டு?"
நான் பதிவேட்டில் அடுத்த பெயரைத் தேடினேன்.

இரண்டு வருசம் கழித்து அதே கூடம்.
மூன்று பற்களில் பூச்சு கண்ணாடி மாதிரி.
நான்காவதில் ஒன்றுமே இல்லை.
பள்ளத்தில் பழுப்பாய் ஒரு நூல்.

"எச்சில்ல இருக்கிற புரதம்…" என்று ஆரம்பித்தேன்.
சேவுகன் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"எங்க நெல்லுக் களத்துல வெடிப்பு விழும்.
வெளக்குமாத்துக்குச் சிக்காம
உள்ள கெடந்து முளைச்சிரும் நெல்லு.
சிமெண்டு ஊத்துவோம்.
ஈரத்தோட ஊத்துனா அடுத்த வெயிலுக்கே பேந்துரும்.
அன்னைக்கு ஈரமா இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.
இந்த வேலையில் பதினாறு வருசம்,
இப்படி ஒரு வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் திட்டவில்லை.
"இப்ப?" என்றார்.

இன்னும் குழியாகவில்லை.
இப்போது மூடினால், உள்ளே இருக்கும் கிருமி
தீனி வராமல் ஒடுங்கிவிடும்.
வரிசையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.
பஞ்சை இரண்டு தரம் மாற்றினேன்.
ரெஜினா தேவகோட்டைக்கு மாற்றலாகிப் போயிருந்தாள்.
எண்ண ஆளில்லை.

சேவுகனே எண்ணினார்,
களத்தில் மரக்கால் போடும் இழுப்பில்:
லாபம்… ரெண்டு… மூணு…
அவர் இருபது தொட
எனக்கு முப்பத்தைந்து நொடி ஆகிவிட்டது.
நிறுத்தச் சொல்லவில்லை.

முகிலேஷ் நாக்கால் தடவிப் பார்த்தான்.
"மேடா இருக்கு டாக்டர்."