இரண்டு சாண்

போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதும்
வானொலி செத்துப்போனது.
அதற்கப்புறம் நானும் ஆன்டேயும் பேசிக்கொண்டது
பெட்ரோலைப் பற்றி மட்டும்.
ஐநூற்று நாற்பது கிலோமீட்டர்.
யூரே இரண்டு முறை வாந்தி எடுத்தான்.
டில்டா செத்த கங்காருகளை எண்ண ஆரம்பித்து
முப்பத்தொன்றில் நிறுத்திக்கொண்டாள்.
மூன்று பெட்டி கோத்த லாரி எதிரே வந்து கடக்கும்போதெல்லாம்
எங்கள் கார் தோளைக் குலுக்கியது,
எனக்கென்ன என்பதுபோல.

பிறகு இருபுறமும் வெள்ளைக் குவியல்கள்.
யாரோ மாவைச் சலித்துச் சலித்துக்
கொட்டிவிட்டுப் போனதுபோல்.
குவியலுக்குப் பக்கத்தில் குழி.
குழிக்கு மூடி கிடையாது.
அறிவிப்புப் பலகையில் ஒரு மனிதன்
தலைகீழாக விழுந்துகொண்டே இருந்தான்:
ஓடாதீர்கள். பின்பக்கமாக நடக்காதீர்கள்.
"யாரும்மா பின்பக்கமா நடப்பாங்க?"
போட்டோ எடுக்கிறவர்கள், என்றேன்.
ஆன்டே வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

ஆறு வருஷம்.
ஓப்பல் தோண்ட, மண்ணை உறிஞ்சும் வண்டி ஒன்று வேண்டுமென்று
விங்கோ கேட்டது பதினெட்டாயிரம் டாலர்.
கொடுத்தோம்.
அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டைகூட வரவில்லை.
கூரை ஒழுகியபோதும்
எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதும்
அந்தப் பதினெட்டாயிரம் எங்கள் சாப்பாட்டு மேசையில்
ஐந்தாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

குன்றின் வயிற்றிலிருந்து
ஒரு தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் விங்கோ.
தாடியெல்லாம் கல்தூசி.
"வழி கிடைச்சுதா?"
"இருக்கிறதே ஒரு ரோடுதானே."
அண்ணன் தம்பி பேச்சு அத்தோடு முடிந்தது.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே, பிடரியில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது.
சுவரெங்கும் எந்திரப் பல்லின் வட்டக் கீறல்கள்.
சமையலறை குடைந்தது. அலமாரி குடைந்தது.
டோஸ்டர் வைக்க ஒரு மாடம், அதுவும் குடைந்தது.
"இடம் போதலைன்னா இன்னும் கொஞ்சம் வெட்டுவேன்."

கடைசி அறையில் விளக்கைப் போட்டான்.
பெரிய கட்டில் ஒன்று.
எதிர்ச்சுவரில் பாறைக்குள்ளேயே ஒரு சின்னப் படுக்கை,
தலைமாட்டில் கோணல்மாணலாகச் செதுக்கிய பெயர்:
டில்டா.
"அந்த வருஷமே வெட்டினேன். வருவீங்கன்னு."
போர்வையின் மடிப்பு கலையவில்லை.
மடிப்பின்மேல் தூசி.

டில்டா உள்ளே நுழைந்து படுத்துப் பார்த்தாள்.
காலை நீட்டவிடாமல் சுவர் மறித்தது.
மூன்று வயதுக்காரிக்கு வெட்டிய இடம்.
அவளுக்கு இப்போது ஒன்பது.
அவளைத் தள்ளிவிட்டு யூரே ஏறினான்.
அளவெடுத்ததுபோல் பொருந்தினான்,
பெரியப்பா முதல்முறையாகப் பார்க்கும் பையன்.

சாப்பிட்டதும் விங்கோ பிக்காசை எடுத்தான்.
"ரெண்டு சாண் போதும்."
ஆன்டே டார்ச் பிடித்தான்.
கொஞ்ச நேரத்தில் டார்ச் என் கைக்கு வந்தது,
பிக்காசு அவன் கைக்குப் போனது.
பல் செட்டு செய்கிற கை அது.
பாறையில் பட்டதும் ஒவ்வொரு முறையும் துள்ளியது.

"அந்தப் பணம்..." என்று விங்கோ ஆரம்பித்தான்.
ஆன்டே இன்னும் ஓங்கிப் போட்டான்.
காதில் விழவில்லையா, விழவேண்டாம் என்று நினைத்தானா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

உதிர்ந்த கற்களில் ஒன்றை எடுத்து விங்கோ நக்கினான்.
ஈரம் பட்டால்தானாம் நிறம் தெரியும்.
சாம்பல். வெறும் சாம்பல்.
டில்டா வாங்கி நக்கினாள்.
யூரேயும் நக்கிவிட்டு, "உப்பு" என்றான்.
என்னிடமும் நீட்டினார்கள்.
நக்கினேன். உப்புதான்.

விளக்கணைத்தபின் வந்த இருட்டில்
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே.
டில்டா காலை நீட்டும் சத்தம் கேட்டது.

திரும்பும் வழியில் க்ளென்டாம்போவில் நிறுத்தினோம்.
கொப்புளம் உடைந்த கையால்
பெட்ரோல் மூடியைத் திருகத் தடுமாறினான் ஆன்டே.
"அடுத்த வருஷம் நான் இன்னும் வளந்திருப்பேனே,"
என்றாள் டில்டா பின்சீட்டிலிருந்து.
அவன் பதில் சொல்லவில்லை.
காரில் ஏறி, பெல்ட் போட்டு, சாவியைத் திருகியபின்
என்னிடம் சொன்னான்:
இங்கே லிட்டர் என்ன விலைன்னு
எங்கயாவது குறிச்சு வை.