பதினெட்டு வாட்

பழங்காநத்தம் ரவுண்டானா தாண்டி
மூன்றாவது ஷட்டர் என் கடை.
ஐந்து குதிரைத்திறன், ஏழரை, பத்து என்று
தோட்டத்து மோட்டார்கள் எரிந்துபோய் வரும்.
பழைய தாமிரம் உருவி, புதிதாய்ச் சுற்றி,
வார்னிஷில் குளிப்பாட்டி
உறுமவிட்டு அனுப்புவேன்.

கூலி நாலாயிரம் பாக்கி வைத்திருந்த பல் டாக்டர்
கிளினிக்கைக் காலி செய்த அன்று
பணத்துக்குப் பதில் நாலடித் தொட்டியைத் தந்தார்.
உள்ளே ஒற்றை ஆஸ்கர் மீன்.
வலியில் வாய் பிளந்தவர்களையே
பார்த்துப் பார்த்து
யாரையும் நம்பாத முகம்.

பெரிய வாய். அதற்கேற்ற கழிவு.
கூடவே வந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் நாலே நாளில் திணறியது.
தண்ணீர் வரக்காப்பி நிறம்.
"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க,
இல்லைன்னா வைகையில விட்டுருங்க" என்றாள் ஜெசிந்தா.
கொஞ்சம் கழித்து,
"வைகையில தண்ணி இருந்தா."

கீழவாசல் நாகூர்கனி
மூன்று கேனிஸ்டர் பெட்டிகளை எடுத்து வைத்தார்.
முதலாவது பதினெட்டாயிரம்.
தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.
நடுவிலிருந்தது ஏழாயிரம்.
அதைத் தொடவே இல்லை.
மூவாயிரத்து இருநூறு பெட்டியின் மேல்
மணிக்கு ஆயிரம் லிட்டர் என்று தங்க எழுத்து.
"எழுதுறவனுக்கு மைக்கா பஞ்சம்?"
அவரே சிரித்துக்கொண்டு பில் போட்டார்.

வீட்டில் வாளி வைத்து, போனில் நேரம் பிடித்தேன்.
நானூற்றுப் பத்து.

மூடியைத் திருப்பினேன்.
சுருளைப் பிசினில் புதைத்து வைத்திருக்கிறான்.
இருபத்திரண்டு வருடமாய்ச் சுருள் சுற்றுகிறவனுக்கு
நுழைய ஒரு திருகாணிகூட இல்லை.
பதினெட்டு வாட்.
என் கடையின் டெஸ்ட் பல்பே
இதைவிட அதிகம் குடிக்கும்.

சரி, மோட்டாரை விட்டேன்.
மற்றதெல்லாம் என் கைக்கு வரும்.
சுருண்டு கிடந்த குழாயில் இரண்டு முழம் வெட்டினேன்.
கசிந்த ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ்.
கரித்தூளைக் கொட்டிவிட்டு
அடித்தட்டில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்,
விளக்குத்தூண் பக்கம் டஜன் நூற்றிருபதுக்கு வாங்கியது.
அதன்மேல் பீங்கான் வளையங்கள்.
அதற்கும் மேல் மெத்தைக்கடைப் பஞ்சு.
மறுபடி வாளி.
அறுநூற்று முப்பது!
ஜெசிந்தா நோட்டில் 'மீன் வகை' என்று கோடு போட்டுக்
கூட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் நீராகாரமாய் வெளுத்தது.
மீன் மேலே வந்து
காற்றை மென்றது.

பழைய ஸ்பாஞ்சை உள்ளே வைத்தீர்களா என்று கேட்டார் நாகூர்கனி.
வைத்தோம்,
அதற்கு முன்னால் கார்ப்பரேஷன் குழாயடியில்
நுரை போக அலசி, வெயிலில் காயவைத்து,
நல்ல மனசோடு.
அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.
"குடியிருந்ததை எல்லாம் கொன்னுட்டீங்களே அண்ணே."

எதையும் விற்கவில்லை.
தன் தொட்டியின் அடியிலிருந்து
கறுத்து, வழுவழுத்து, நாறிய ஒரு ஸ்பாஞ்சை உருவி
தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார்.
எவ்வளவு என்றேன்.
"அழுக்குக்கு யாராச்சும் பில் போடுவாங்களா?"

டவுன்பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்தினார்.
நான் பையை மடியில் வைத்து
இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
ஜெசிந்தாதான் அதைப் பிழியாமல் நடுத்தட்டில் வைத்தாள்.
ஒருநாள் வைத்திருந்த வாளித் தண்ணீர்,
தினம் கால்வாசி மாற்றினோம்.
பின்சுவர்க் காலண்டர் கண்ணாடி வழியே தெரிய
பதினாறு நாள் ஆனது.

மே மாதத்து இரவில் கரண்ட் போனது.
வேர்வையில் விழித்தேன்.
ஃபேன் நின்றிருந்தது,
ஆனால் கூடத்தில்
கொசு அளவுக்கு ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.
பழைய யூபிஎஸ், இரண்டையும் இழுத்தால்
கால்மணி நேரத்தில் கூவிவிடும்.
"சாயங்காலமே வயரை மாத்திட்டேன்"
இருட்டில் அவள் குரல்.
தொட்டி ஓரம் உட்கார்ந்து
கணக்கு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன்.
காற்று
எனக்கும் வந்தது.