பக்கம் 61-இல் கடல்

ஒப்பந்தப்புள்ளி திறந்த அன்று
மாநகராட்சியில் கரண்ட் இல்லை.
சூரிய மின்பூங்காவுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு,
ஆலோசகர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தோம்.
மூன்று நிறுவனங்கள்.
ஜெனரேட்டர் புகைக்கு இருமிக்கொண்டே
உதவிப் பொறியாளர் ஜெயசீலன் தொகைகளை வாசித்தார்,
நான் எழுதினேன்.
குறைந்த தொகை போட்டவருக்கு வேலை. விதி அது.
கத்தரிக்காய் வாங்கும்போதுகூட
நான் அப்படிச் செய்வதில்லை.

ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது.
கல்யாணப் பத்திரிகை போல வழவழ அட்டை,
அட்டையில் ஒரு காற்றாலை.
நாம் போடப்போவது சோலார்.
யாரும் கேட்கவில்லை.
சரிபார்ப்பது என் வேலையும் இல்லை;
இளநிலை உதவியாளர் பக்க எண் போட வேண்டும்,
அவ்வளவுதான்.
எண் போடும் கையோடு
கண்ணும் போகுமே, அதற்கு என்ன செய்ய?

அறுபத்தொன்றாம் பக்கத்தில்
கடல் வந்தது.

"திட்டப் பகுதியிலிருந்து நானூறு மீட்டரில் கடற்கரை.
பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடம்.
பாதிப்பு: குறைவு."

நான் பிறந்தது சேண்பாக்கம்.
கடலை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்,
அதில் ஒரு தடவை அஸ்தி கரைக்க.
காட்பாடியில் ரயிலேறி
இட்லிப் பொட்டலம் காலியாகி
ஒரு தூக்கமும் முடிந்த பிறகுதான்
எங்களுக்குக் கடல்.

ஜெயசீலன் சாரிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"வேற ஏதோ ஊர் அறிக்கைம்மா.
ஊர்ப் பேரை மாத்தினவன் ஆமையை மறந்துட்டான்."
கொஞ்சம் யோசித்து,
"பாதிப்பு குறைவுன்னுதானே போட்டிருக்கான்?
தப்பில்லையே."

தப்பில்லைதான்.
வேலூரில் எந்தக் கடலாமைக்கும்
எதுவும் ஆகிவிடாது.

சனிக்கிழமை,
செருப்பு வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு
பஸ் மாறி இறங்கி
பாலாற்றங்கரைப் பழைய குப்பைமேட்டுக்கு நடந்தேன்.
காவலுக்கு இருந்த துளுக்காணம்
கேட்டைத் திறக்காமலே கேட்டார்:
"இன்னா மேடம், சர்வேவா?
போன மாசம் ஒரு தம்பி வந்துச்சு.
காரவுட்டு எறங்கவே இல்ல.
கண்ணாடிய எறக்கி போட்டோ புட்ச்சிக்கினு பூட்ச்சி."

மணி பதினொன்று.
ஆறு முழுக்க மணலும் முள்ளும்.
இந்த ஊர் வெயிலுக்கு ஆலோசகர் வேண்டாம்,
தகடு விரித்தால் போதும், மின்சாரம் கொட்டும்.
கொட்டட்டும். நான் அதற்கு எதிரி இல்லை.
கரண்ட் போன ராத்திரிகளில் என் மகன்
சட்டையைக் கழற்றிவிட்டு
சுவரின் குளிர்ச்சியில் முதுகை ஒட்டிப் படிக்கிறான்.

தலைக்கு மேலே
கத்திக்கொண்டு வந்தது ஓர் ஆட்காட்டி.
தாழ்ந்தது, விலகியது, மறுபடி தாழ்ந்தது.
துளுக்காணம் என் காலைக் காட்டினார்.
"பாத்து மேடம். முட்டை."

எங்கே? வெறும் ஜல்லி.
குனிந்தேன், ஜல்லி.
இன்னும் குனிந்ததும்
நான்கு கற்கள்
கூர்முனைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு
கற்களாக இருக்க மறுத்தன.

திங்கட்கிழமை
கோப்பில் ஒரு தாள் சேர்த்தேன்.
பென்சிலில். பேனாவுக்கு அதிகாரம் வேண்டும்.

பிழை திருத்தம். பக்கம் 61.
'கடல்' என்று வரும் இடங்களில் 'பாலாறு' என்று வாசிக்கவும்.
'அலை' என்பதை 'மணல் லாரி' என்று வாசிக்கவும்.
'ஆமை' என்பதை 'ஆட்காட்டி' என்றும்
'நானூறு மீட்டர்' என்பதைக் 'காலடி' என்றும் வாசிக்கவும்.
'குறைவு' என்பதற்கு மாற்றுச் சொல்
இந்த அலுவலகத்தில் இல்லை.
அங்கே யாரும் அளக்கவில்லை.

61-அ என்று எண் போட்டேன்.

அந்நேரம் பார்த்து கரண்ட் வந்தது.
விசிறி சுற்ற, தாள் எழுந்து பறக்கப் பார்த்தது.
பையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து
அதன் மேல் வைத்தேன்.
அங்கிருந்து வந்த கல்.
எதற்கும் ஒருமுறை
காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான்.