ஆறு எண்கள்

காகுவாஸ் ஊரின் பல் மருத்துவமனையில்
ஈறு அளப்பது என் வேலை.
ஒரு பல்லுக்கு ஆறு இடம்.
கம்பியை இறக்கி உரக்கச் சொல்வேன்:
மூன்று, இரண்டு, மூன்று,
இரண்டு, இரண்டு, ஏழு.
அந்த ஏழில்தான் நோயாளி கண்ணைத் திறப்பார்.

என் மஞ்சள் மாஸ்டா நின்றது கயேய் மலையேற்றத்தில்.
முன்னால் வாழைத்தார் லாரி, பின்னால் ஹாரன்கள்.
வெடிக்கவில்லை, புகையவில்லை.
பேச்சின் நடுவே பெயர் மறந்தவன்போல்
திக்கித் திக்கி,
அப்புறம் வெறும் காற்று.

மூன்று கை மாறி வந்த வண்டி.
அந்த மூவரும் என்ன எண்ணெய் ஊற்றினார்களோ,
எத்தனை நாள் ஊற்றாமலே ஓட்டினார்களோ.

அன்செல்மோ பிரித்துக் காட்டினார்.
பிஸ்டன் கிடையாது இதில், ஏறி இறங்கும் எதுவும் கிடையாது.
நிலக்கடலைத் தோடுபோல் இடுப்பு ஒடுங்கிய அறை,
அதற்குள் பக்கம் புடைத்த முக்கோணம் சுற்றும்.
மூலைக்கு ஒன்றாய், தீக்குச்சித் தடிமனில் பட்டை.
ஒரு பட்டை உடைந்து
போன வழியெல்லாம் சுவரைக் கீறியிருந்தது.
"இதற்கு வைத்தியமில்லை. வேறு பார்."

அக்காள் புருஷன் எலியேசர் வேறு பார்த்துவிட்டார்:
கவிழ்ந்த பிக்கப்பின் எட்டு சிலிண்டர் எஞ்சின், மலிவு.
"மாட்டிவிட்டு மறந்துவிடலாம்."
மறந்துவிட என்னிடம் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது.
அதையே இந்தத் தீவில் மறக்க முடிவதில்லை;
வாரம் இருமுறை கரண்ட் போகிறது,
மீனைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவதும்
அவர் வீட்டு ஜெனரேட்டரை நம்பித்தான்.
இரண்டு இரவு கணக்குப் போட்டேன்.
கணக்கு அவர் பக்கமே நின்றது.
அதுதான் கோபம்.

சனிக்கிழமை, கத்தானோ துறைமுகத்தருகே ஒரு கிடங்கு.
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தவை
பிளாஸ்டிக் சுற்றி வரிசையாய்க் கிடந்தன.
எரிபெர்தோ ஒன்றின் முதுகைத் தட்டினார்:
"அழுத்தம் எட்டு. தீவு முழுக்கத் தேடு, கிடைக்காது."
மற்ற ஐந்து எவ்வளவு என்றேன்.
"எந்த ஐந்து?"

ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் முகம் மூன்று.
சாதா மானி உச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு
மிச்சத்தை விழுங்கிவிடும்.
அன்செல்மோ அதன் வால்வைக் கழற்றி எறிந்தார்.
பேட்டரி கட்டிச் சுற்றவிட்டதும்
முள் குதித்தது, விழுந்தது, குதித்தது.
போனில் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்
தலையும் தலையும் முட்ட.
எட்டு. ஏழரை. எட்டு.
எட்டு. எட்டு. ஐந்து.
அந்த ஐந்தில் எரிபெர்தோ கூரையைப் பார்த்தார்.

மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இன்னொன்று,
காற்றுக்குழாய்க்குள் இரண்டு பல்லி முட்டை.
"அதுவா? அது கிழடு."
சுற்றவிடச் சொன்னேன்.
ஆறே முக்கால். ஆறரை. ஆறே முக்கால்.
ஆறே முக்கால். ஆறே முக்கால். ஆறரை.
மருத்துவமனைக் குரலில் வாசித்துக்கொண்டிருந்தேன்,
கடைசி எண்ணில்தான் எனக்கே தெரிந்தது.
"இரண்டு வருஷம் ஓடும், மூன்றும் ஓடலாம்"
என்றார் அன்செல்மோ, யாரையும் பார்க்காமல்.
இருநூற்றைம்பது டாலர் குறைத்தேன்.
பொருந்தாத ஒரு புல்லியை இலவசமாகத் தந்தார்.
முட்டைகளை அன்செல்மோ சிகரெட் பெட்டியில் வைத்துக்கொண்டார்,
ஏன் என்று கேட்கவில்லை.

இறக்கி மாட்டிய புதன் இரவு
தகரக் கூரையில் மழை, வழக்கம்போல் கரண்ட் இல்லை.
எலியேசர் வந்தார், பிக்கப்பில் ஜெனரேட்டரோடு.
"தப்பான எஞ்சின்" என்றார் விளக்கைப் பிடித்தபடி,
"தப்பான எஞ்சின்" என்றார் போல்ட்டை எடுத்துக் கொடுத்தபடி.
பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை
வாய் கொப்பளிக்கும் மருந்துக் குவளையில் அளந்தேன்.

முதல் தடவை ஒன்றுமில்லை.
இரண்டாவதும்.
மூன்றாவதில் வெண்புகை, ஒரு தும்மல், பிறகு
ப்ரப், ப்ரப், ப்ரப்,
பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.
எலியேசர் வாய் அசைந்தது, ஏதோ சொன்னார்.
கேட்கவில்லை.