ஒன்பதாயிரத்து நூறு

ரூவி, சரக்குக் கடை, இரவு பத்தேகால்.
லேபிள் பிரிண்டர்
பச்சை விளக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது.
அறுபத்தெட்டு ரியால்.
பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில்
இரண்டே சிஸ்டங்களின் பெயர்.
என்னுடையது இல்லை.

லினக்ஸ் என்றேன்.
லைன் செத்துவிட்டதோ எனும்படி ஒரு மௌனம்.
ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் கேட்டான்.
சொன்னேன்.
பட்டியலில் இல்லையாம். விண்டோஸ் இருக்கிறதா என்றான்.
ஆறு பேர் படுக்கிற ரூமுக்கே ஜன்னல் இல்லடா,
தமிழில் முணுமுணுத்தேன்.

காலையில் கப்பல்.
எழுபத்துமூன்று அட்டைப்பெட்டிகள்,
மை வற்றிய மார்க்கர்,
அறந்தாங்கி, அறந்தாங்கி, மீமிசல்,
பின்கோடு இல்லாத ஒரு கீழக்கரை.

உங்களைப் போல நூறு பேர் கேட்டால்
மேலிடத்தில் சொல்லலாம் சார்.
நான் ஒருத்தன்தான்.
காசு வாங்கும்போது
எந்த சிஸ்டம் என்று கேட்டீர்களா?

நன்றி சொன்னான், மதிப்பெண் கேட்டான்,
ஒன்றை அழுத்தினேன்.
லைன் அறுபடவில்லை.
பிறகு ஆங்கிலத்தைக் கழற்றி வைத்த ஒரு குரல்:

"அண்ணே, ரெக்கார்டிங் நின்னுருச்சு.
எங்க வீட்லயும் அதேதான் ஓடுது.
நெட்வொர்க் வயரைச் சொருகுங்க.
போர்ட் ஒம்பதாயிரத்து நூறு.
டிரைவர் கேட்டா 'ரா'ன்னு குடுங்க.
நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பேர் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

பதினொன்று நாற்பதுக்கு
முதல் லேபிள் நாக்கை நீட்டியது.
'மீமி' ஒன்றில், 'சல்' அடுத்ததில்.

இரண்டையும் சேர்த்து ஒட்டி
பெருவிரலால் தேய்த்தேன்.
அந்த ஒன்று மதிப்பெண்ணை
இனி எப்படித் திருத்துவது?